பல் தேய்க்கும்போது ஒரு பாட்டு

என் மனைவி பல் தேய்த்துக்கொண்டே பாடினாள். வாயில் பிரஷ்ஷும் நுரையும் இருந்ததால் வார்த்தை எதுவும் புரியவில்லை. மெட்டு மட்டும் குளியலறைக் கதவுக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக வந்தது. நான் கூடத்தில் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டே வரி. முடிந்ததும் கொப்பளித்தாள். பிறகு மறுபடியும் அதே இரண்டு வரி. காலர் கருகும் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன்.

வேறு எந்த வீட்டிலும் இது ஒரு செய்தியே இல்லை. நானோ உடனே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள்? எத்தனை மணிக்கு எழுந்தாள்? பேச்சில் வேகம் தெரிந்ததா? சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோனாளா? அவள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "என்னங்க, ஏதோ கருகுது" என்றாள். கண் பளபளவென்று இருந்தது. நான் மணி பார்த்தேன். ஆறு இருபது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. அரை மில்லிமீட்டர் தவறினாலும் அடுத்தவருக்குத் தலைவலி. அதனால் எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டவனும் நான்தான்.

அப்போது அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒன்பது வருஷமாகப் பதினாலாம் எண் தடத்தில் ஓட்டியதால் டெப்போவில் எல்லோரும் அவளைப் 'பதினாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வெயில் நாளில், கடைசி நிறுத்தத்தில் நிற்க வேண்டிய வண்டியை நிறுத்தாமல் நேரே கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே பதினொரு பயணிகள். "இந்த வருஷம் கடலைப் பாத்தவங்க கை தூக்குங்க" என்று கேட்டாளாம். யாரும் தூக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். முன்சக்கரம் மணலில் புதைந்த பிறகுதான் வண்டி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. பத்துப் பேர் புகார் எழுதினார்கள். ஒரு பெரியவர் மட்டும் நன்றிக் கடிதம் எழுதினார். அதை விசாரணைக் கோப்பில் எங்கே வைப்பதென்று தெரியாமல் அதிகாரிகள் முழித்தார்கள்.

அதற்கு முந்தைய நான்கு இரவுகள் அவள் தூங்கவில்லை. சமையலறைக்கு வண்ணம் அடித்தாள், மூன்று வருஷமாகப் பேசாத சிநேகிதிக்குப் பதினெட்டுப் பக்கம் கடிதம் எழுதினாள், விடிய விடிய என்னிடம் பேசினாள், நடுநடுவே பாடினாள். உண்மையைச் சொன்னால், அவளுடைய அந்த உற்சாகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் சும்மா இருந்தேன்.

மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தாள். இருதுருவ மனநிலைக் கோளாறு என்றார் டாக்டரம்மா. மனம் சில நாள் தலைதெறிக்க மேலே ஓடும், சில நாள் கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் நடுவே பிடித்து நிறுத்த லித்தியம் என்ற மருந்து. அன்றிலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

முதல் வருஷம் அவள் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தாள். மருந்தால் கை நடுங்கியது. தேநீரை முக்கால் கோப்பைக்கு மேல் ஊற்றினால் சிந்திவிடும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "நான் எங்கங்க போனேன்?" என்று கேட்டாள். நான் அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா விடவில்லை. கொஞ்சம் குறைத்து, நேரத்தை மாற்றி, ரத்தத்தைப் பார்த்து, மறுபடியும் கொஞ்சம் குறைத்து, என் கடையில் கண்ணுக்கு லென்ஸ் மாற்றிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு படியாகப் போனார். மெல்ல மெல்ல அவள் திரும்பி வந்தாள். டெப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருட்களைக் காக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். கலகலப்பாகப் பேசுவாள், ஜோக்கடிப்பாள். பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை, அந்தப் புதன்கிழமை காலை வரை.

அடுத்த பத்து நாளும் நான் துப்பறிவாளன் ஆனேன். கொஞ்ச நாளாகவே அவள் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்குக் கிளம்புவது இப்போதுதான் உறைத்தது. தட்டையான அடிப்பாகம் வைத்த புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். ஒருநாள் மாலை, ஒரு காரணமும் இல்லாமல் எங்கள் பதினைந்து வயது மகளைப் பிடித்துக் கூடத்தில் இரண்டு சுற்று ஆட்டிவிட்டுச் சமையலுக்குப் போனாள். நான் பால்கனிக்குப் போய் என் மச்சானுக்கு, அவளுடைய அண்ணனுக்கு, ஃபோன் போட்டேன்.

"பாடறா மச்சான்."

மறுமுனையில் டிவியை அணைத்தார். "வேகமா பாடறாளா மாப்ள, மெதுவாவா?"

"நடுத்தரமா."

"என்ன பாட்டு?"

"வாயில பிரஷ் இருக்கு மச்சான். எனக்கெப்படித் தெரியும்?"

"மாத்திரைய எண்ணிப் பாருங்க" என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. முழுங்காமல் எங்கேயாவது போட்டுவிடுகிறாளோ என்று வாஷ்பேசினுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் ஒரு பழைய ஹேர்பின் கிடைத்தது. மண்டியிட்டபடியே திரும்பினால் வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அப்பா, அம்மா சிரிச்சா நீங்க ஏன் மணி பாக்கறீங்க?"

"எப்ப பாத்தேன்?"

"எப்பவும். நேத்துகூடப் பாத்தீங்க. அம்மாவும் அதைப் பாத்தாங்க."

சாப்பிடும்போது கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். நேரடியாகக் கேட்கும் தைரியம் வரவில்லை. "ரத்தம் டெஸ்ட் பண்ணி ரொம்ப நாளாச்சோ?" என்றேன். "ஒரு தடவ பாத்துடலாமா?" அவள் அப்போது டெப்போவில் யாரோ பல்செட்டை மறந்துவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நான்தான் போய் ஸ்விட்சை அணைத்தேன் என்பது எனக்கே தெரிந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

"சரி" என்றாள். "பாத்துடலாம். நாளைக்கே போவோம்."

பல்செட் கதை என்ன ஆயிற்று என்று மகள் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நடைகூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை பேச வாயெடுத்து இரண்டு முறையும் இருமினேன். மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மருந்து எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. கிட்னி நல்லா இருக்கு, தைராய்டும் நல்லா இருக்கு. நீங்கதான் ஒரு மாதிரி இருக்கீங்க. தூங்கறீங்களா?"

"சுமாரா."

"அவங்க?"

"ஏழு மணி நேரம். சில நாள் ஏழே கால்."

"வேற என்ன பாத்தீங்க?"

பாட்டு, செருப்பு, சீக்கிரம் கிளம்புவது, கூடத்தில் ஆடியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஒருவர் சந்தோஷமாக இருப்பதைப் போலீஸில் புகார் கொடுப்பதுபோல எனக்கே பட்டது. டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'இன்னும் சொல்லவில்லையா' என்பது போல இருந்தது அது. அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"திரும்ப பஸ் ஓட்டறதுக்கு எழுதிப் போட்டிருக்கேங்க. ஆறு மாசமாச்சு. கண்ணு பாத்தாங்க, காது பாத்தாங்க, இவங்ககிட்ட அறிக்கை வாங்கினாங்க. இவங்க சொல்றது சரியான்னு பாக்க இன்னொரு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. மூணு வாரமா காலைல டெப்போ மைதானத்துல காலி வண்டி ஓட்டறேன். பயிற்சி குடுக்கறவர் பக்கத்துல உக்காந்திருப்பாரு. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டச் சொன்னாரு. மார்க்கெட் தாண்டித் திரும்பிப் பாத்தா மனுஷன் தூங்கிட்டாரு."

"தூங்கிட்டாரா?"

"குறட்டை விட்டு. முழிச்சு, 'இருபத்திரண்டு வருஷத்துல நான் வண்டியில கண்ண மூடினதே இல்லம்மா'ன்னாரு. அப்படியே கையெழுத்துப் போட்டுட்டாரு. மறுநாள் காலைல பல்லு தேய்க்கும்போது..." அவள் முடிக்கவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நல்லது நடந்தா மனுஷங்க பாடுவாங்க. அவங்க தூங்கறாங்க. எடுத்த வேலைய முடிக்கறாங்க. நீங்க குறுக்க பேசினா நிறுத்திட்டுக் கேக்கறாங்க. இதெல்லாம் மாறினா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. பாத்துக்கறது தப்பே இல்ல. பாட்டுக்கு மட்டும் என்கிட்ட மருந்து கிடையாது" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"டெப்போவுல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா நான் தாங்கிடுவேன். உங்க மூஞ்சியத்தான் என்னால பாக்க முடியாது." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "நீங்க கூடவே இருந்து பாத்ததாலதான் இந்த அஞ்சு வருஷம் ஓடுச்சு. அது எனக்குத் தெரியும். அதுக்காக என்னை அடுப்புல வெச்ச பால் மாதிரி எப்பவும் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா எப்படிங்க?"

"பொங்கிடுமோன்னு பயம்."

"பொங்கற மாதிரி இருந்தா சொல்லுங்க, நானே அடுப்பக் குறைக்கறேன். ரெண்டு ராத்திரி தூங்கலன்னா டாக்டருக்கு நானே ஃபோன் பண்ணுவேன், நீங்களும் பண்ணலாம். ஆனா சூடே ஆகக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குப் பாலு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கண்ணிலும் நீர் வந்தது. கடை வேலை என்பதால் கண்ணாடி துடைக்கும் துணி எப்போதும் என் பையில் இருக்கும். அவளே அதை எடுத்து நீட்டினாள். "பல்செட் யாருதுன்னு சொல்லவே இல்லையே" என்றேன். வீடு வந்து சேரும்வரை சொன்னாள். தொலைத்தவர் பல் இல்லாமலே வந்து அடையாளம் சொன்னாராம். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட இவளுக்குப் புரியவில்லையாம்.

டெப்போவிலிருந்து கடிதம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. பகல் வண்டி மட்டும், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவ அறிக்கை, வாரம் ஐந்து நாள். தடம் ஏழு. "ஏழா, பாதியாக்கிட்டாங்களே" என்று அலுத்துக்கொண்டாள். மகள் கடிதத்தைப் பிடுங்கி மூன்று முறை சத்தமாக வாசித்தாள். மூன்றாவது முறை ஒரு செய்தி வாசிப்பாளர் குரலில்.

முதல் நாள் நான் கடைக்கு அரை நாள் லீவு போட்டேன். மகள் பள்ளிக்கு எந்தக் காரணமும் சொல்லாமல் லீவு போட்டாள். மச்சான் விடிகாலை ரயிலில் வந்து, இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக நின்றார். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி மூன்று பேரும் மூன்றாவது நிறுத்தத்தில் வரிசையாக நின்றோம். பேருந்து வளைவில் திரும்பி வந்தது. நிழற்குடைக்கு நேராக, ஒரு அடி முன்னே பின்னே இல்லாமல், முன்கதவு எங்களுக்கு நேரே திறந்தது.

நான் ஏறியதும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சீருடையில் அவள் வேறு யாரோ போல இருந்தாள். கண் சாலையிலேயே இருந்தது. "முன்னாடி நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள்.

"நான் உன் அண்ணன்" என்றார் மச்சான்.

"அண்ணனும் உள்ள போங்க."

உள்ளே போனோம். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நின்றபடி உறுமும்போது கம்பி நடுங்கியது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பக்கத்தில் இருந்தவரின் செய்தித்தாளும் அதை வாசிப்பவரின் கன்னமும் நடுங்கின. ஸ்டியரிங்கில் இருந்த அவள் கையும் நடுங்கியிருக்கலாம். அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. மகள் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க மூச்சு விடலாம்" என்றாள்.

மார்க்கெட் தெருவில் வண்டி மெல்ல நின்றது. நிறுத்தம் எதுவும் இல்லாத இடம். இரண்டு பேரை விலக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். குனிந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏதோ வண்டியிலிருந்து ஒரு தானிய மூட்டை விழுந்து சாலையில் சிதறியிருந்தது. அதன் மேல் ஐம்பது அறுபது புறாக்கள். சாலையின் குறுக்கே, பந்தியில் உட்கார்ந்ததுபோல நெருக்கியடித்துக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தன.

"ஏன் வண்டி நிக்குது?" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்.

"புறா சாப்பிடுது" என்றார் செய்தித்தாள்காரர்.

"அப்ப சரி" என்றது குரல்.

அவள் ஹாரன் அடிக்கவில்லை. விரல்களால் ஸ்டியரிங்கில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நின்றிருந்தவர்கள் குனிந்தார்கள், மச்சான் ஷூ நுனியில் நின்று எம்பிப் பார்த்தார். சாம்பல் நிறப் புறா ஒன்று கூட்டத்தை விட்டு விலகி, பேருந்தின் முன்சக்கரம் வரை நடந்து வந்து, தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. பிறகு சாவகாசமாகத் திரும்பி நடந்தது. எங்கிருந்தோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழுந்தது. ஒரு நிமிஷம் ஜன்னல் எல்லாம் இறக்கையாகவே இருந்தது.