வாத்தியாரைக் காணோம்

மீன் என்றால் சட்டியில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் கடலில் கிடக்க வேண்டும். நடுவீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் அதற்கு என்ன வேலை என்று நான் கேட்காத நாள் கிடையாது. உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்துச் சுவரெல்லாம் பூத்துப்போகும். வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் பொரிந்து விழும். விளக்கு, மோட்டார், அந்த மோட்டாருக்கு ஒரு ஓயாத சத்தம். இந்தப் பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, அதில் போய் உப்பைக் கரைத்து வைக்கிற வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் பாக்கியசீலன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவர். நான் தபால் ஆபீசில் முத்திரை குத்திக் குத்தி ஓய்ந்தவள். அவருக்கு மீன், எனக்குக் கோபம் என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினோம்.

தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. அந்தச் சாதியில் பெண்தான் பெரிது, ஆண் பொடிசு. பெரியவள் பொடியனை நாள் முழுக்க அதட்டிக்கொண்டே இருப்பாள். பெரியவளுக்கு ஹெச்.எம். என்று பெயர் வைத்தார், பொடியனுக்கு வாத்தியார். யாரை மனதில் வைத்து அந்த ஹெச்.எம். என்று எனக்குத் தெரியாதா என்ன?

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம், பிறகு கடைத்தெருவுக்குப் போகிற வழி, பிறகு பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் கிங்ஸ்டனின் பெயர். அடுப்படியில் என்னைப் பார்த்தால், செத்துப்போன அவர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றால், "நீங்க எந்த ஊரு?" என்று என்னிடமே கேட்பார். ஆனால் காலையில் காப்பியோடு தொட்டிக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நான் அவருக்கு இன்பமணி. "ஏட்டி இன்பம், ஹெச்.எம். இன்னைக்கு என்ன வரத்து வாரா பாத்தியா?" என்பார். அந்த ஒரு ஏட்டிக்காகவே நான் எப்போது விடியும் என்று கிடந்தேன். தொட்டியைத் திட்டுவதையும் விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கையில் பொடியன் செத்து மிதந்தான். எடுத்து முருங்கை மூட்டில் புதைத்தேன். காலையில் அவர் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, வாத்தியாரக் காணோமே."

"செத்துப்போச்சுங்க."

துண்டை வாயில் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அழுதால் தீரும் என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையிலும் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, வாத்தியாரக் காணோமே" என்றார். சொன்னேன், அதே அழுகை. அவருக்கு அது அன்றன்றைக்குத்தான் செத்தது. ஒரு நாள் பொய்யும் சொல்லிப் பார்த்தேன், கல்லுக்குப் பின்னால் இருக்கு என்று. குனிந்து குனிந்து ஒவ்வொரு சந்தாகத் தேடினார். காப்பி ஆறி, தோசை ஆறி, வெயில் ஏறியும் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷன் ஒரே சாவுக்கு எத்தனை தடவைதான் அழுவான்? எனக்குத் தாங்கவில்லை.

வண்ணார்பேட்டையில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் முகம்மது மைதீன் அண்ணாச்சியிடம் போனேன். எங்கள் வாத்தியார் மாதிரியே ஒன்று வேண்டும் என்றேன். தேடிப் பிடித்துப் பையில் போட்டார்.

"பெரிசு லேசுல சேக்காதும்மா. தனியா இருந்து பழகிட்டுல்லா, தொட்டி பூராவும் தனக்குத்தான்னு இருக்கும்."

"எந்த ஹெச்.எம். லேசுல சேத்துருக்கா?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அவிழ்த்துக் கவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "பைய, பைய. அவசரப்படாத" என்றார். பையைக் கீழே ஒரு வாளியில் இறக்கி வைத்துவிட்டு, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்தார். ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டார். தொட்டித் தண்ணீர் புது மீனிருந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சட்டைப் பொத்தானை மாட்டத் தெரியாத கை அது. "ஒரேயடியா ஊத்துனா தாங்காதுட்டி. புதுத் தண்ணிலா" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஞ்ஞானபுரத்தில் எங்கள் அம்மா புதுக்கோழி வாங்கினால் உடனே மற்றதுகளோடு விடமாட்டாள். பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து, முற்றத்து நடுவில் சில நாள் வைத்திருப்பாள். மற்றக் கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து கொத்திப் பார்த்து, சலித்து, போய்விடும். அந்த நினைப்பில் அரிசி களைகிற ஓட்டைக்கூடையைத் தொட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டு, புதியவனை அதில் விட்டேன். ஹெச்.எம். வந்து கூடையை முட்டு முட்டென்று முட்டினாள்.

"வாத்தியார் ஏன் கூடைக்குள்ள நிக்கான்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வந்தானாம். ஹெச்.எம். நிக்க வச்சிருக்கா."

சிரித்தார். காப்பி சிந்த, தோள் குலுங்கச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு காலை அழுகை இல்லாமல் போயிற்று. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடைக்குள்ளேயே ஒரு உயிரை எத்தனை நாள் வைப்பது?

முட்டுவது குறைந்ததும் கூடையை எடுத்தேன். அவ்வளவுதான். ஹெச்.எம். பாய்ந்து வந்து கடித்தாள். பொடியன் எந்தக் கல்லுக்குப் பின்னால் போனாலும் அங்கே போய் அடித்தாள். வால் கிழிந்து, மோட்டார் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். இவர் கண்ணாடியைத் தட்டித் தட்டி, "அடிக்கா ஏட்டி, அடிக்கா, கொல்லப் போறா" என்று பதறினார். சாப்பிட வரவில்லை. நான் பொடியனை மறுபடியும் கூடையில் பிடித்துப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சொன்னார். வகுப்பில் பேசுவாரே, அந்தக் குரல்.

"கல்ல மாத்து இன்பம். இது என் கல்லு, இது என் சந்துன்னு அவ கண்டுவச்சிருக்கா. அதான் அடிக்கா. எல்லாத்தையும் எடுத்து எடம் மாத்தி வையி. பொறவு அவளுக்கு இது தன் வீடுன்னு தெரியாது. ரெண்டும் புதுசாயிரும். புதுசும் புதுசும் அடிச்சுக்கிடாது."

இத்தனை வார்த்தையை அவர் சேர்த்துப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று. கிங்ஸ்டனுக்குப் போன் போட்டு, "ஏலே, ஒங்கப்பா இன்னைக்குப் பாடம் நடத்துனாருலே" என்றேன். அவன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். வளைவு மாதிரி ஒரு கல், அதன்மேல் சாய்ந்து ஒன்று, குகை மாதிரி ஒன்று. எல்லாம் அவர் ஒவ்வொன்றாக வாங்கி, முட்டுக்கொடுத்து நிறுத்தியவை. ஹெச்.எம். என் கையைக் கடித்தாள். கடிடி என்று விட்டுவிட்டு அத்தனையையும் வாளிக்கு மாற்றி, மனம்போனபடி வேறு விதமாக அடுக்கினேன். அவளுக்குப் போக்கிடம் தெரியவில்லை. நடுத்தண்ணீரில் திகைத்துப்போய் நின்றாள். பொடியனைத் திறந்துவிட்டேன். கிட்டே போய் உடம்பை உதறிக் கும்பிடு போட்டான். அவள் கடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் இரண்டும் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டன. அவர் சொன்னது அப்படியே பலித்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

காலையில் காப்பியோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு மீனும் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. வாத்தியாரைக் கேட்கவில்லை, அழவில்லை. நெடுநேரம் பார்த்தார். நான் ஏட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டி நல்லா வச்சிருக்கீங்க" என்றார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

"இதுதாங்க நம்ம வீடு."

"இல்ல. அங்கன கல்லு வேற மாதிரி." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நேரமாச்சு, நான் வாரேன். எம் பொண்டாட்டி தேடுவா. கோவக்காரி."

மீன் செத்தால் சாகட்டும் என்று திரும்பவும் கையை விட்டுக் கல்லையெல்லாம் எடுத்தேன், பழையபடி வைக்க. வைக்கத் தெரியவில்லை. வளைவின்மேல் எது சாய்ந்திருந்தது? குகை எந்தப் பக்கம் பார்த்திருந்தது? வருஷக்கணக்காக அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் நான். திட்டிக்கொண்டே துடைத்தேனே தவிர, ஒரு நாள் உள்ளே பார்த்தேனா? ஏதோ தோன்றியபடி அடுக்கிவிட்டு அவரைக் கூட்டி வந்து காட்டினேன். "இதும் நல்லாத்தான் இருக்கு" என்றார், விருந்துக்கு வந்த வீட்டில் சொல்வதுபோல. பாடம் சொன்னவருக்குத்தான் தெரியவில்லை, அந்தக் கல் சந்தில் அவரும்தான் குடியிருந்தார் என்று. எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாம் தடவையும் இடம் மாறியதில் ஹெச்.எம். இன்னும் அடங்கிவிட்டாள். பொடியனுக்கு வால் வளர்ந்துவிட்டது. சாயங்காலமானால் இவர் செருப்பைத் தேடுவார். வீட்டுக்குப் போகணும் என்பார். கொண்டுபோய் விடுதேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு, கோயிலைச் சுற்றித் தெருவைச் சுற்றி, இதே வாசலுக்குக் கூட்டி வருவேன். சில நாள் நம்புவார். சில நாள் படியிலேயே நின்றுகொள்வார்.

இன்று காலை காப்பியைக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்காரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றேன். தெரியாத பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கூச்சம். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இந்த வீட்டுக்குப் புதுசா?"

"ஆமா சார்" என்றேன். "புதுசுதான்."

"பயப்படாதீங்க. கொஞ்ச நாள்ல பழகிரும்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தி, தானும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.