தேர் வடத்தின் முடிச்சு

குரங்குகளுக்குப் பேச வாயிருந்தால் ஓப்பநாயக்க பொலிசில் எப்போதோ முறைப்பாடு கொடுத்திருக்கும். தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசன் லயத்து வரிசை வீடுகளில் எது கெட்டாலும் பழி அதுகள் தலையில்தான் விழும். கூரைத் தகரம் நெளிந்தால் குரங்கு. வாழைக்குலை காணாமல் போனால் குரங்கு, அதை அறுத்தவன் கையில் வாழைப்பால் காயாமல் நின்றாலும் குரங்குதான். அன்றைக்கு நிரோஷா வீட்டு இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் லயமே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேபிள் பார்க்கிற இந்திரகுமாரும் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே அதற்குக் கையெழுத்துப் போட்டான்.

"குரங்கு கடிச்சிருக்கும் தங்கச்சி."

"என்னமோ கடிக்கட்டும். ரெண்டு மணிக்கு இன்டர்வியூ அண்ணே. இன்னும் நாப்பது நிமிசந்தான் இருக்கு," என்றாள் நிரோஷா.

கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி. சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் எழுதுகிற வேலை. நிரோஷாவுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. போன வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு உட்கார்ந்தாள். மூன்றாவது கேள்வியில் திரையில் இருந்தவர்களின் முகம் உறைந்து, குரல் அறுந்துபோனது. அதன்பிறகு லைன் விட்டுவிட்டுத்தான் வந்தது. கெஞ்சிக் கடிதம் எழுதி இன்னொரு தடவை வாங்கியிருக்கிறாள். இதுதான் கடைசி என்று அவர்களும் எழுதிவிட்டார்கள். போனில் பேசலாமென்றால் சிக்னலுக்கு மலை உச்சிக்கு ஏறவேண்டும். மேலே இரண்டு நாளாக விடாத மழை.

இந்திரகுமார் அதே லயத்தில் பிறந்தவன். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான்கு வருடமாக பைபர் கேபிள் இழுக்கிறான். பெட்டியில் செருகியிருந்த கேபிளைக் கழற்றித் தன் கருவியில் மாட்டினான். கேபிளுக்குள் இருப்பது தலைமயிர் அளவு கண்ணாடி இழை. கருவி அதற்குள் ஒளியைச் சிறு துண்டாக அனுப்பும். வழியில் கோளாறு இருந்தால் ஒளியில் கொஞ்சம் திரும்பி வரும், அல்லது வருகிற ஒளி திடீரென்று மெலிந்துவிடும். அது வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கருவி தூரத்தைச் சொல்லிவிடும்.

அறுபத்திரண்டு மீட்டர் என்றது கருவி.

இன்னொரு நிற ஒளியை அனுப்பிப் பார்த்தான். அதே இடம், ஆனால் இழப்பு முன்னதைவிட அதிகம். இழை அறுந்திருந்தால் இரண்டு ஒளியும் ஒன்றுபோல் நின்றிருக்கும். ஒன்று மட்டும் அதிகமாகக் கசிந்தால் கேபிள் எங்கோ இறுக்கமாக வளைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இழைக்குள் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டு ஓடுகிற ஒளி, வளைவு அளவு மீறினால் திரும்ப முடியாமல் வெளியே போய்விடும். குரங்கு கேபிளைக் கடிக்கும், பிடித்துத் தொங்கும். வளைத்துக் கட்டிவைக்காது.

வாசலுக்கு வந்து பார்த்தான். அறுபத்திரண்டு மீட்டரில், கோயிலடியில் பாதை திரும்புகிற இடத்துக் கம்பம் நின்றது.

போன வியாழக்கிழமை மாரியம்மன் தேர். அந்த இடத்தில் கலசம் கேபிளில் தட்டியது. தப்பு மேளம் முழங்குகிறது, வடம் பிடித்தவர்கள் கத்துகிறார்கள், எல்லோரும் இந்திரகுமாரைத்தான் பார்த்தார்கள். "தள்ளுங்க, இது நம்ம டிப்பார்ட்மென்ட்!" என்று வேட்டியை மடித்துக்கட்டிக் கம்பத்தில் ஏறினவனும் அவன்தான். கேபிளைக் கம்பத்தோடு பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றி, கேபிளை மேலே இழுத்து, கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அறுந்து கிடந்த தேர் வடத் துண்டால் முடிச்சுப் போட்டான். காலையில் சரி பண்ணலாம் என்று நினைத்தான். காலையில் வேறு வேலை வந்தது. மழையில் நனைந்து வடம் ஊறி, முடிச்சு நாளுக்கு நாள் இறுகியிருக்கிறது. தெரியாதவன் செய்தால் பிழை. நான்கு வருடம் இதே வேலை பார்த்தவன் செய்ததற்கு அவனுக்கே பெயர் தெரியவில்லை.

கேபிளைப் பெட்டியில் மறுபடி செருகிவிட்டுப் போய்க் கம்பத்தில் ஏறி, முடிச்சை வெட்டிச் சுற்றை எடுத்தான். நிரோஷா வாசலிலிருந்து கையை ஆட்டினாள், விளக்கு பச்சை. மணி இரண்டுக்கு ஐந்து நிமிடம்.

ஆனால் கேபிள் இடுப்பளவு உயரத்துக்குத் தொய்ந்து பாதையின் குறுக்கே கிடந்தது. பழைய கிளிப் தேர்க்கூட்டத்தில் எங்கே போனதோ. புதியது பெல்மதுளை டவுனில் ஒப்பந்தக்காரரின் ஸ்டோரில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி இந்தப் பக்கம் வருகிற நேரம். இன்னொரு கயிற்றை நம்ப அவனுக்கு மனம் வரவில்லை. கோயில் சுவரில் சாத்தியிருந்த கவைக்கம்பை எடுத்தான். கவையில் தலைத்துண்டைச் சுருட்டி வைத்து, கேபிளை அதன்மேல் அகலமாக வளையவிட்டு, இரண்டு கையாலும் உயரத் தூக்கிக்கொண்டு நின்றான்.

லொறி வந்தது. அதை ஓட்டுகிற ஹலீம் நானா தலையை வெளியே நீட்டினார்.

"என்ன குமாரு, இன்னைக்கும் தேரா?"

"மெதுவாப் போங்க நானா. இழுத்துறாதீங்க."

லொறி ஊர்ந்து போனது. அடுத்த லொறிக்கு முன்னால் கம்பை இறக்கலாமா என்று யோசித்தான். இறக்கினால் எந்தப் பக்கம் வளையுமோ. இறக்கவில்லை. மழை பிடித்தது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது, குனிய வழியில்லை. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது.

அரைமணி நேரம் கழித்து நிரோஷா குடையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கேள்வியெல்லாம் முடிஞ்சிருச்சு அண்ணே, நல்லாப் பேசினேன்! அஞ்சு நிமிசத்துல எழுதுற டெஸ்ட். அதுக்கும் லைன் வேணும்." குடையை அவன் தலைக்கு மேலே பிடித்தாள். "வெள்ளிக்கிழமை நின்னதும் இந்தக் குரங்கு வேலைதானா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும். லயமே அவன் பக்கம் சாட்சி சொல்லும்.

"குரங்கு இல்ல தங்கச்சி. தேரன்னைக்கு நான் போட்ட முடிச்சு. வெள்ளிக்கிழமையும் அதான்."

நிரோஷாவின் சிரிப்பு போய்விட்டது. காலடியில் கிடந்த வடத் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மழை மறுபடி அவன் தலையில் விழுந்தது.

வாசல்படியில் நின்றுதான் திரும்பினாள்.

"டெஸ்ட் ஒரு மணித்தியாலம்," என்று கத்தினாள். "கம்பை எறக்குனீங்கன்னா பாத்துக்குங்க!"

இந்திரகுமார் கம்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினான்.