பி பேட்ச் பெண்

அந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தர்கூட உள்ளே போக முடியாது. போனவர்களுக்கு முதல் மாதம் கால் தரையில் பாவாது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் ஆண்டு சிவில் என்ஜினீயரிங் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒட்டிப் பிறந்தவர்கள்போலத் திரிந்தார்கள். ஒருத்தி பூட்டு, இன்னொருத்தி ரேடியோ.

இரண்டுமே பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவளுக்கு ரேடியோ வைத்த பெயர் பூட்டு. பதிலுக்கு இவள் வைத்தது ரேடியோ. பூட்டு அந்தக் கல்லூரியில் சொந்தமாகச் சொன்ன ஒரே ஜோக் அதுதான். அது ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. பேராசிரியர்கள்கூட, "ரேடியோ, கொஞ்சம் வால்யூமைக் குறை" என்பார்கள்.

பூட்டின் அப்பா பஸ் டிரைவர். அவள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் நுனிநாக்கில் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டு மிரண்டுபோய், மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று அவள் நினைத்தபோதெல்லாம் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தவள் ரேடியோ.

"உனக்குப் புரியலன்னா அது உன் தப்பு இல்லடி. மெக்கானிக்ஸ் சார் சொல்லித்தர்ற லட்சணம் அப்படி" என்று சொல்லிவிட்டு, ஒரு அழிரப்பரை வளைத்துக் காட்டுவாள். "மேல பாரு, இழுபடுது. கீழ பாரு, நசுங்குது. நடுவுல ஒண்ணும் ஆகல. இவ்ளோதான் விஷயம். இதைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம்!"

ரேடியோ ஹாஸ்டலில் இல்லை. பக்கத்திலேயே சித்தி வீட்டிலிருந்து வந்துபோகிறாள் என்று பூட்டு அறிந்திருந்தாள். பெரிய வகுப்புகள் எல்லாருக்கும் ஒரே ஹாலில் நடக்கும். ஹாலில் வருகைப் பதிவு கிடையாது. லேபும் தேர்வும் மட்டும் பேட்ச்வாரியாகத் தனித்தனி. பூட்டு ஏ பேட்ச், ரேடியோ பி பேட்ச். தேர்வு முடிந்ததும் ரேடியோ எங்கிருந்தோ ஓடிவந்து பூட்டின் கையிலிருக்கும் வினாத்தாளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக அலசுவாள். மதிப்பெண் வந்தால் ரேடியோவுக்கு எப்போதும் பூட்டைவிடக் கொஞ்சம் குறைவு. "குருவை மிஞ்சின சிஷ்யைடி நீ" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

அன்று காலை நூலகத்தில் ரேடியோ சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேட்டரி தீர்ந்துடுச்சா?" என்றாள் பூட்டு.

ரேடியோ சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், நாற்காலியோடு சேர்ந்து சரிந்தாள்.

ஹாஸ்டல் வார்டன் அம்மா வந்தார். ஆள் பார்க்கத்தான் முரடு. ரேடியோவைத் தானே தூக்கிக் கல்லூரி வேனில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்ததுமே, குடல்வால் வெடிக்கிற நிலைமையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார். பூட்டு ரேடியோவின் போனிலிருந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், "பண்ணச் சொல்லும்மா, நான் கெளம்பிட்டேன்" என்று பதறியது.

ரேடியோவை உள்ளே கொண்டுபோனார்கள். வார்டன் அம்மா யாரிடமோ போனில் பேசிவிட்டு, பூட்டை நடைபாதையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"உன் ஃப்ரெண்ட் எந்த டிபார்ட்மெண்ட்?"

"சிவில், மேடம். என் க்ளாஸ்தான். பி பேட்ச்."

"அப்படி ஒரு பொண்ணே இல்லைங்கறாங்க."

"பேரைத் தப்பா கேட்டிருப்பாங்க மேடம்."

"பேரு, ஊரு, எல்லாம் சொல்லித் தேடச் சொன்னேன். சிவில்ல இல்ல. எதுலயுமே இல்ல." வார்டன் அம்மாவின் குரல் இறங்கியது. "இந்தப் பொண்ணு நம்ம காலேஜே இல்லம்மா."

பூட்டுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நிலா வானத்திலேயே இல்லை என்று யாராவது சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு. பி பேட்ச் லீடர் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"ரேடியோவுக்கு ஆபரேஷன் நடக்குது. ஆபீஸ்ல அவ பேரு இல்லைங்கறாங்க. நீ கொஞ்சம் போய்ச் சொல்லு, உங்க பேட்ச்தான்னு."

"எங்க பேட்சா? ரேடியோ உங்க ஏ பேட்ச் இல்ல?"

"என்ன சொல்ற?"

"ஏ பேட்ச்னுதானடி சொல்லுவா. எங்க லேபுக்கு அவ வந்ததே இல்லையே."

பூட்டின் கை தானாக இறங்கியது. போனுக்குள் அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். பூட்டு சுவரோடு சுவராக நின்றாள். தேர்வு நேரங்களில் ரேடியோ எங்கே இருந்தாள்? அந்த மதிப்பெண்களை எங்கிருந்து எடுத்துச் சொன்னாள்? எப்போதும் கொஞ்சம் குறைத்து, தோழியின் மனம் நோகாதபடி, எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள்! தன் கட்டிலில் குறுக்கே படுத்து, சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவள் யார்?

மதியத்துக்கு மேல் ரேடியோவின் அம்மா வந்து சேர்ந்தார். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியபடியே, வேலை செய்த இடத்திலிருந்து நேராக ஓடிவந்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டபிறகுதான் மூச்சு விட்டார். பூட்டைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான பூட்டு? வீட்டுக்கு வந்தா உன் பேச்சுதான்மா அவளுக்கு."

வார்டன் அம்மா மெல்ல விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க பேசறீங்க? ஸ்காலர்ஷிப்ல படிக்கிறா என் பொண்ணு! இதோ, கூடப் படிக்கிற பொண்ணு நிக்குது. நீயே சொல்லும்மா!"

பூட்டு வாயைத் திறந்தாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அவ சித்திக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

"எந்தச் சித்தி?"

"இங்க இருக்கிற சித்தி. அவங்க வீட்லதான தங்கியிருக்கா?"

"எனக்கும் அவ அப்பாவுக்கும் கூடப்பொறந்தவங்களே கெடையாதேம்மா. அவ காலேஜ் ஹாஸ்டல்லதான இருக்கா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெற்றவளுக்கும் தெரியாது, உயிர்த் தோழிக்கும் தெரியாது, அந்தப் பெண் இத்தனை நாள் எங்கே தலைசாய்த்தாள் என்று. அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். வார்டன் அம்மா தண்ணீர் வாங்கப் போனார்.

மறுநாள் ரேடியோவுக்குத் தெளிவு வந்திருந்தது. பூட்டையும் அம்மாவையும் பக்கத்தில் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எங்கடி தங்கியிருந்த?" என்றாள் பூட்டு.

"பஸ் ஸ்டாண்ட் பின்னாடி. வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல். சாயங்காலம் சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுப்பேன்."

"பரீட்சை?"

"உன் கேள்வித்தாளை வாங்கிட்டுப் போய் ரூம்ல எழுதுவேன். புத்தகத்தை வெச்சு நானே திருத்திக்குவேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

ரேடியோ யாரோ இன்னொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "ரிசல்ட் வந்தப்ப எனக்கு சீட் கெடைக்கல. ஆனா அப்பா முகத்தைப் பாத்தா சொல்ல வாய் வரல. கெடைச்சிடுச்சுன்னுட்டேன். தெருவுக்கே சொல்லிட்டார். சேர்ற அன்னிக்கு கேட்டுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பலாம்னு வந்தேன். அப்புறம் என்ன செய்யறதுன்னு யோசிக்கவே இல்ல. அங்க நீ பெட்டியோட நின்னு அழுதுட்டு இருந்த."

பூட்டுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

"'நீங்களும் ஃபர்ஸ்ட் இயரா'ன்னு கேட்ட. ஆமான்னேன். தனியா போக பயமா இருக்கு, கூட வாங்கன்னு என் கையைப் பிடிச்ச. ரெண்டு பேரும் உள்ள போயிட்டோம்."

"அப்ப பழி என்மேலயா?" பூட்டின் குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டது. அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "உன்னை நம்பி என் வீட்டுக் கதையெல்லாம் கொட்டினேனேடி! நீ சொன்னதுல ஒண்ணாவது நெஜமா?"

"பழி உன்மேல இல்ல. முதல் நாள் உன்கூட வந்தேன். மறுநாள்லேர்ந்து எனக்காக வந்தேன். என்னால நிறுத்த முடியல."

அம்மா பூட்டின் பக்கம் திரும்பினார். "அம்மாடி, அவ அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம். தாங்க மாட்டார். போன் பண்ணி உன்னைக் கேட்டா, படிக்கிறான்னே சொல்லிடும்மா."

பூட்டு எழுந்து நின்றாள். "முடியாதும்மா. இவ்ளோ நாள் தெரியாம சொன்னேன். தெரிஞ்சே சொல்ல மாட்டேன்."

ரேடியோ போனுக்காகக் கையை நீட்டினாள். அம்மா தடுப்பதற்குள் அவள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். லாரி மெக்கானிக் அவர். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. ரேடியோ சுற்றி வளைக்காமல் சொன்னாள். சுத்தியல் சத்தம் நின்றது.

"அப்ப ரெண்டு வருஷமா எங்கம்மா போன?"

"காலேஜுக்குத்தான்ப்பா."

"அதான் இடமே கெடைக்கலங்கறியே?"

"கெடைக்கலப்பா. ஆனா போனேன்."

அவருக்கு அது புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? போன் வெட்டுப்பட்டது. ரேடியோ அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தாள்.

கல்லூரியில் விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. சிலர் கேலிப்படம் போட்டுச் சிரித்தார்கள். சிலருக்கு நிஜமான கோபம். "நாங்க உயிரைக் குடுத்துப் படிச்சு வந்தோம், இவ சும்மா நடந்து வந்துட்டா" என்றார்கள். அதில் நியாயம் இல்லை என்று பூட்டால் சொல்ல முடியவில்லை. முதல்வர் அறையில் அவளை நிற்கவைத்து விசாரித்தார்கள். தெரிந்தே மறைத்தாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பொய்போல ஒலித்தது.

அப்போது மெக்கானிக்ஸ் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். யாரையும் எதற்காகவும் பாராட்டாத மனிதர். "அந்தப் பொண்ணு என் வகுப்புல முதல் வரிசையில உக்காந்திருந்தா. நான்தான் தினமும் 'ரேடியோ'ன்னு கூப்பிட்டேன். நெஜப் பேரு என்னன்னு ஒரு நாள் கேக்கல. இந்தப் பொண்ணை விசாரிக்கறதுன்னா என்னையும் சேர்த்து விசாரிங்க."

அதோடு பூட்டை விட்டுவிட்டார்கள். ரேடியோ இனி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. போலீசுக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. அவளை அம்மா ஊருக்கு அழைத்துப்போன அன்று பூட்டு வழியனுப்பப் போகவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவளிடம் பேசவும் இல்லை. எதிர் நாற்காலி காலியாக இருக்க, மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டாள். மெக்கானிக்ஸில் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற வழியில், என்ன தோன்றியதோ, ரேடியோவின் ஊரில் இறங்கிவிட்டாள். பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. லாரிக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்த மனிதர், அவள் யார் என்று தெரிந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நீயாவது நெஜமாவே அந்தக் காலேஜ்தானா?"

பூட்டு பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு அதை வாங்கி, படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர்போல வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ என்கூட இன்னும் சரியா பேசறதில்லம்மா. நானும்தான்" என்றார். "இங்கயே பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கா. சேர்க்கறப்ப நான் கூடவே போனேன். ரசீது வர்ற வரைக்கும் அந்த எடத்தைவிட்டு நகரல."

ரேடியோ யூனிஃபார்மில் வந்தாள். இளைத்திருந்தாள். பட்டறை வாசலில் பூட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள் பூட்டு.

"தெரியும்."

"எது பேசினாலும், இது நெஜமா பொய்யான்னுதான் எனக்குத் தோணும்."

"அதுவும் தெரியும். தோணினா கேளு. காட்டறேன்."

இருவரும் தெருமுனை டீக்கடை வரை நடந்தார்கள். பஸ் வரும்வரை ரேடியோ கூடவே நின்றாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கும் பூட்டு அந்த ஊரில் இறங்கினாள்.