மாயாண்டிக்குப் பதில் வில்பிரட்

1

இக்கதை முழுவதும் எனக்குச் சொந்தமானதன்று. அதனை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

2005ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அல் ஐன் நகரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு சனாயாப் பக்கம் போய்விடுவேன். சனாயா என்பது பட்டறைகளும் பண்டகசாலைகளும் தொழிலாளர் கேம்ப்புகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. அங்கே ஒரு மணல்வெளியில் கிரிக்கெட் நடக்கும். சாரக் குழாய்களை அறுத்து வெல்டிங் செய்த ஸ்டம்புகள். கறுப்பு டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. பந்து அந்தக் குழாய்களில் பட்டால் எழும் ஓசை எதிர்ச்சாலையிலுள்ள டயர் கடைவரை கேட்கும்.

அங்குதான் பாலகுருவைக் கண்டேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவன். பழைய கேம்ப் அணியின் கேப்டன். இக்கதையில் பாதி அவன் சொன்னது. கால்பங்கு பிறர் சொன்னது. எஞ்சியது நான் சேர்த்தது. எது எவருடையது என்று பிரித்துக் காட்டச் சொன்னால், இப்போது எனக்கே இயலாது.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"ஜபல் ஹஃபீத் மலையின் பின்னே கதிரவன் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அந்த இனிய

(நிறுத்திவிட்டேன். மலை இக்கதைக்கு ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை.)

"வில்பிரட் ஓடிவந்து பந்தை வீசினான் என்றால், மட்டையாளனின் கால்விரல் நுனியில் அது

(இதனையும் நிறுத்தினேன். வில்பிரட்டின் பந்துவீச்சை முதலிலேயே வருணித்தால் வாசகர் அனைவரும் அவன் பக்கம் சாய்ந்துவிடுவர். பிறகு மாயாண்டிக்கு யார் உளர்?)

ஆகவே வினாவிலிருந்தே தொடங்குகிறேன். பழைய கேம்ப் அணி தன்னுடைய மாயாண்டியைக் கொடுத்துப் புதிய கேம்ப்பின் வில்பிரட்டை வாங்கிக்கொள்ளலாமா, கூடாதா?

3

கேம்ப்புகளுக்கிடையே நடந்த அந்தப் போட்டியில் ஒரே ஒரு விதிதான் எவராலும் மீறப்படாதது. எவனுடைய கட்டில் எந்தக் கேம்ப்பில் கிடக்கிறதோ, அவன் அந்தக் கேம்ப்புக்கே ஆட வேண்டும். ஆதலால் ஆட்டக்காரனை மாற்ற வேண்டுமெனில் கட்டிலை மாற்ற வேண்டும். இரு கேம்ப்புகளும் ஒரே கம்பெனிக்கு உரியவை. இருவர் தமக்குள் இசைந்து இடம் மாறிக்கொள்வதை அங்கே 'மியூச்சுவல்' என்பர். இரண்டு கேம்ப்புகளுக்கும் பொறுப்பாளரான 'கேம்ப் பாஸ்' அனந்தகிருஷ்ணன் தலையசைத்தால் போதும்.

பழைய கேம்ப் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டத்தில் புதிய கேம்ப்பிடம் தோற்றிருந்தது. இரண்டு முறையும் கடைசி ஓவரில். இரண்டு முறையும் அந்த ஓவரை வீசியவன் மாயாண்டி. கம்பி கட்டும் வேலை செய்பவன், உசிலம்பட்டிப் பக்கத்தான். மெதுவாகச் சுழற்றி வீசுவான். நடு ஓவர்களில் அவனை அடிப்பது அரிது. கடைசி ஓவரில் அடிக்காதவர் இல்லை.

புதிய கேம்ப்பின் கேப்டன் நெய்னா முகம்மது, இறுதியாட்டத்திற்கு இரு வாரம் இருக்கையில், தானே பாலகுருவைத் தேடி வந்தான்.

"தம்பி, வேகமாப் போட என்கிட்ட ஆளு எக்கச்சக்கம். நடுவுல கட்டிப்போட ஒருத்தன் இல்ல. ஒங்ககிட்ட அது இருக்கு, கடைசி ஓவருக்கு ஆளு இல்ல. மாத்திக்கிட்டா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியும்."

"கட்டிலையும்ல மாத்தணும் பாய்."

"கேம்ப் பாஸ்கிட்ட பேசிட்டேன். மியூச்சுவல்னா மாஃபி முஷ்கில், ஒரு கஷ்டமும் இல்லன்னுட்டாரு. யோசிச்சு அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லுங்க."

அது நேர்மையான பேரம். அதில் சூது ஏதும் இல்லை. சூது இருந்திருந்தால் கதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

4

நெய்னா கேட்டுப்போன அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல். மெஸ்ஸில் சோறும் கோழிக்குழம்பும். மாயாண்டி அன்று ஓவர்டைம் பார்க்கச் சைட்டுக்குப் போயிருந்தான். அதனால் பேச்சு தாராளமாக நடந்தது.

தொடக்க மட்டையாளனான விமல் என்னும் இளைஞன் பேச்சை எடுத்தான். "அண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? வாசல்ல வந்து நிக்கிற யானைய யாராச்சும் வேணாம்பாங்களா?"

"சும்மா வரலடா. மாயாண்டியக் கேக்குறாங்க," என்றான் பாலகுரு.

"குடுங்க. மாயாண்டியண்ணன் அங்க போனாலும் நம்ம அண்ணந்தான. அஞ்சு நிமிசம் நடந்தா அந்தக் கேம்ப்பு."

"அஞ்சு நிமிசம் நடந்தா வில்பிரட்டும் அங்கதான் இருக்கான்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "கூட்டிட்டு வந்து ஒரு டீயக் குடுத்து அனுப்புங்களேன்."

சிரிப்பு அடங்கியதும் விமல் விடவில்லை. "சிரிங்க. ரெண்டு வருசமா கடைசி ஓவர்ல கப்பத் தூக்கிக் குடுத்தது யாரு?"

"அந்த ஓவர நீ ஏன் போடல?" என்றான் பாலகுரு. "மொதல்ல ஒன்கிட்டதான பந்த நீட்டுனேன்."

"எனக்குத் தோள்பட்டை வலி."

"ரெண்டு வருசமும் அதே தோள்பட்டைதானா?"

விமல் எழுந்து தட்டைக் கழுவப் போனான். எனினும் கை தூக்கச் சொன்னபோது, மாற்றலாம் என்று தூக்கிய கைகளே மிகுதி. [இவ்விடத்தில் பாலகுருவின் கை எங்கிருந்தது என்று அவனிடம் கேட்டேன். "சோத்துலதான் சார்," என்றான். நான் மேலும் கேட்கவில்லை.]

5

இங்கே பாலகுருவின்மீது எனக்கு ஓர் ஐயம் எழுகிறது.

அன்றைக்கே அவன் புதிய கேம்ப்புக்குப் போனான்; வில்பிரட்டைப் பார்க்க. மாயாண்டி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து அவனிடம் முதலில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? "அவன் ட்யூட்டில இருந்தான் சார்" என்பது அவன் கூறிய காரணம். நான் அதனை ஏற்கவில்லை. அவனுக்கு வில்பிரட் வேண்டும். அந்த ஓட்டமும் அந்த வீச்சும் தன் அணிக்கு வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக உள்ளூர ஏங்கியவன் அவன். நல்ல பந்துவீச்சாளனைக் கண்டு ஏங்காதவன் கேப்டனாக இருக்கத் தகுதியற்றவன். வில்பிரட் 'சரி' என்றுவிட்டால் முடிவு தானாகவே வந்துவிடும். மாயாண்டியிடம் கேட்க வேண்டியிராது, அறிவித்தால் போதும் என்று அவன் கருதியிருக்க வேண்டும்.

(இப்பகுதியை அவனிடம் படித்துக் காட்டினேன். மறுக்கவில்லை. "இருக்கும்," என்றான்.)

6

வில்பிரட் ஏசி டெக்னீஷியன். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான். கேம்ப் வாசலில் ட்யூட்டிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணே. பெண்ணு பாக்க வந்தீங்களோ?"

"என்னப்பா இப்புடிக் கேக்குற?"

"பின்ன? ஒரு வாரமா ரெண்டு கேம்ப்புலயும் எனக்க பேச்சுதான். எனக்கிட்ட மட்டும் ஒருத்தரும் பேசல்ல."

"இப்ப நானே வந்து கேக்குறேன். வர்றியா?"

"வாறதுக்கு என்ன? எங்க நின்னு எறிஞ்சாலும் பந்து ஒண்ணுதானே." சட்டையை முறுக்கிப் பிழிந்தான். "மாயாண்டியண்ணன் என்ன சொன்னாவ?"

பாலகுரு கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தான்.

"கேக்கல்லியா?" வில்பிரட் சிரித்தான், அதில் பகை இல்லை. "அண்ணே, நீங்க சாரம் கட்டுத வேலையில கிடந்து கஷ்டப்படண்டாம். ஃபோர்மேன் வேலைக்கு உங்களுக்கு நல்ல கை உண்டு, கேட்டீங்களா."

அந்தச் சொல் எத்துணை ஆழமாகத் தைத்தது என்பதை அறிய, அவ்விடத்து நடைமுறையை அறிய வேண்டும். காலையில் பஸ்ஸில் ஏறும்போது ஃபோர்மேன் பெயரைக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவன் மாலையில் பெட்டியோடு அபுதாபிக்கோ ருவைசுக்கோ போய்ச் சேர வேண்டும். ஏன், எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இன்ன அறை, இன்ன கட்டில், இன்ன பஸ் என எல்லாவற்றையும் பிறரே வகுத்துவிட்ட வாழ்வில், அம்மனிதர்கள் தாமாகத் தேர்ந்துகொண்டது அந்தப் பதினொருவரை மட்டுமே.

பாலகுரு திரும்பி நடந்தான். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணே" என்று பின்னாலிருந்து வந்த குரலுக்குக் கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

7

பாலகுரு, தானும் மாயாண்டியும் தங்கியிருந்த அறைக்குள் நுழைந்தபோது மாயாண்டி வந்துவிட்டிருந்தான். அவனுடைய மெத்தை சுருட்டப்பட்டு, கம்பி கட்டும் மெல்லிய இரும்புக் கம்பியால் இரண்டு இடத்தில் இறுக முறுக்கப்பட்டிருந்தது. பெட்டி பூட்டப்பட்டிருந்தது.

"என்னடா இது?"

"பஸ்ஸ விட்டு எறங்கும்போது நெய்னா பாய் சொன்னாரு. அடுத்த வெள்ளிக்குள்ள கட்டில் மாறணுமாம்ல. கட்டி வச்சுட்டேன்."

"நான் இன்னும் சரின்னே சொல்லலையே."

"சொல்லாம இருப்பியா குரு? அவன் போடுற பந்த நானும் பாத்திருக்கேன்ல. நானா இருந்தாலும் மாத்தித்தான் விடுவேன்."

"ஒனக்குக் கோவம் இல்லையா?"

"இங்கிட்டு வந்து ஏழு கேம்ப்பு பாத்தாச்சு. பேரச் சொல்லிக் கூப்புடுவாய்ங்க, போவேன். இது எட்டாவது."

பாலகுரு கட்டிலில் அமர்ந்து கம்பி முறுக்கைப் பிரிக்க முயன்றான். கம்பி கட்டுபவன் போட்ட முறுக்கு அது; கைவிரலுக்கு இணங்குமா? நகம் பெயர்ந்தது. விடாமல் முறுக்கினான்.

"கையால அவுக்க முடியாதுப்பா. கம்பி முறுக்குற கொக்கி வேணும்."

"எடு."

மாயாண்டி இடுப்புப் பையிலிருந்து தன் கொக்கியை எடுத்தான். தானே மாட்டித் தானே இரண்டு சுற்றுச் சுற்றினான். மெத்தை கட்டிலில் தானாக விரிந்தது.

"அப்ப வில்பிரட்டு?"

"அவன் அவன் டீமுக்குப் போடட்டும். நாம அடிப்போம்."

"கடைசி ஓவரு?"

"நீதான்."

"தோத்தா விமலு என்னைய உசுரோட விடமாட்டான்."

"என்னைய ஏசட்டும். கம்பெனி போட்ட டீமாடா இது? ஒவ்வொரு ரூமாப் போயி ஒவ்வொருத்தனா நான் கூப்புட்டுச் சேத்தது. நான் எவன் பேரையும் போகச் சொல்லிக் கூப்புட மாட்டேன்."

* இக்காட்சியை நான் புனைந்ததாக எண்ணும் வாசகர் இருப்பர். கொக்கியும் நகமும் பாலகுரு சொன்னவை. நகம் கறுத்து வளர்ந்திருந்ததை நானே பார்த்தேன். புனைந்தது வேண்டுமாயின் டயர் கடை இருக்கட்டும்.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவது: மாயாண்டி கடைசிப் பந்தில் விக்கெட் எடுக்கிறான். அணியினர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கேம்ப்பைச் சுற்றி வருகின்றனர். (நீக்கிவிட்டேன். வென்றதனால்தான் பாலகுரு செய்தது சரி என்று ஆகிவிடும். அவன் கப்புக்காக அதனைச் செய்யவில்லை.)

இரண்டாவது: படுதோல்வி. விமல் முணுமுணுக்கிறான், பாலகுரு தலையில் கைவைத்து அமர்ந்திருக்கிறான். (இதனையும் நீக்கினேன். அவன் அப்படி அமரக்கூடியவன் அல்லன்.)

மூன்றாவது: இறுதியாட்டத்தன்று வில்பிரட்டுக்குத் திடீரென ட்யூட்டி போட்டுவிடு

(இது கோழைத்தனம். என்னுடையது, அவர்களுடையதன்று.)

9

இனி நடந்ததைச் சொல்கிறேன், ஓரிடம்வரை.

இறுதியாட்டம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கியது. பழைய கேம்ப் முதலில் ஆடியது. வில்பிரட்டின் பந்துவீச்சை இப்போது வருணிக்கத் தடையில்லை. நீண்ட ஓட்டம். கடைசி அடியில் உடல் முழுவதும் வில்லாய் வளையும். பந்து எங்கே விழுந்தது என்று மட்டையாளன் தேடும்போது குழாய் ஒலித்திருக்கும். பாலகுருவும் அதனைத் தேடினான்; குழாய் ஒலித்தது. டயர் கடைக்காரர்கூட எழுந்து நின்று பார்த்தார்.

(அவர் உண்மையாகவே இருந்தார். முன்னே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.)

மட்டையை இழுத்துக்கொண்டு வந்த பாலகுருவின் முகத்தில் வருத்தம் இல்லை. எல்லைக் கோட்டருகே கால் நீட்டி அமர்ந்திருந்த மாயாண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பாத்தியா, எப்பேர்ப்பட்ட பந்து?"

"பாத்தேன்."

"அதக் குடுத்துத்தான் ஒன்னையக் கேட்டாரு நெய்னா பாய். நீ யாருன்னு இப்பயாச்சும் தெரியுதா?"

மாயாண்டி ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டான்.

பிறகு புதிய கேம்ப் ஆடியது. நடு ஓவர்களை மாயாண்டி வழக்கம்போல் இறுக்கிப் பிடித்தான். ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்து நின்றது. புதிய கேம்ப்புக்குத் தேவையான ஓட்டங்கள்: [      ].

வாசகரே, அவ்விடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். இரண்டு என்று எழுதினாலும் இருபது என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. மட்டையோடு நிற்பவன் யார், காற்று எத்திசை, எவன் கையில் பந்து நழுவும் என்பனவெல்லாம் உம்முடைய விருப்பம். கப்பை எந்தக் கேம்ப்புக்கு வேண்டுமாயினும் கொடுத்துக்கொள்ளும்.

ஓர் இடத்தில் மட்டும் கைவைக்க உமக்கு உரிமை தரமாட்டேன். எதிர்ப்பக்கத்தார் "பாலகுரு, இன்னும் நேரம் இருக்கு, மாத்திக்கிறியா?" என்று கூவி நகைத்தனர். எல்லைக் கோட்டில் நின்ற விமல் தன் தோள்பட்டையைத் தடவினான். பாலகுரு எவரையும் பார்க்கவில்லை, எவரிடமும் கேட்கவில்லை. பந்தைத் தன் சட்டையில் ஒருமுறை துடைத்தான்; நேராக நடந்து போய் மாயாண்டியின் கையில் வைத்தான்.