பெயர் மாறிய எண்ணெய்

ஒதியம்பட்டில் மாதா கோயில் தெருவுக்குள் பங்குச்சாமியார் வெறுங்கையோடு வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய்த் தோத்திரம் சொல்லும். எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் பெண்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சிமிழ் எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டில் ஓர் உயிர் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். சாகக் கிடக்கிறவரின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் சாமியார் எண்ணெய் தொட்டு வைப்பார். அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். அதன்பிறகு யாரும் மருந்துக் கடைக்குப் போவதில்லை. பந்தல்காரருக்குத்தான் ஆள் போகும்.

இது அந்தத் தெருவில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். விஜயராணிக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. தெரியாமல் போயிற்று என்று சொல்வதுகூடத் தப்பு. அவளுக்கு அதற்கு மேலேயும் தெரிந்திருந்தது. வினை அங்கேதான் இருந்தது.

விஜயராணி வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் இறையியல் படித்தாள். சாமியார்களும் கன்னியாஸ்திரீகளும் படிக்கிற படிப்பைக் குடும்பஸ்தர்களுக்கும் சொல்லித்தருகிற வகுப்பு அது. "பொம்பளைக்கு எதுக்குடா சாமியார் படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் அவள் புருஷனைத்தான் கேட்டார்கள். அன்புராஜ் அசரவில்லை. "சாமியாருங்க மைக்குல பேசறப்போ எனக்குத் தூக்கம் வந்துடுது. இவ பேசினா முழிச்சினு இருக்கறேன். அதான் படிக்க வெச்சேன்" என்றான்.

மைக்கைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு. ஊரில் அவனுக்குப் பெயரே மைக் செட் அன்புராஜ். வில்லியனூர் மாதா திருவிழாவுக்கும் அவன்தான் சீரியல் லைட் கட்டுவான், சிவன் கோயில் தேருக்கும் அவன்தான் கட்டுவான். கல்யாணம், காது குத்து, சாவு எதையும் விட்டதில்லை. அவஸ்தை பூசின வீட்டிலிருந்து அவனுக்கு போன் வரும், வாசலுக்கு ரெண்டு டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் ரெடியாக இருக்கட்டும் என்று. அப்படிச் சொல்லி வைத்த எந்த வீட்டிலும் லைட் கட்டாமல் அவன் திரும்பியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கேள்வி வரும். "இன்னாடி, இன்னிக்குக் கடவுள் இருந்தாரா, லீவா?"

"இருந்தாரு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வீடு வந்து சேர்வதற்குள் அன்றைய பாடம் முழுவதையும் அவன் முதுகுக்குச் சொல்லி முடித்துவிடுவாள். அவளுக்கு வாழ்க்கையில் பிடித்த நேரம் அதுதான்.

கடைசி வருஷத்தில் நம்பிக்கையும் நவீன உலகமும் என்று ஒரு பாடம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு இறையியல் என்ன சொல்லப்போகிறது என்று பேராசிரியர் கேட்டார். விஜயராணி கட்டுரை எழுதினாள். அவஸ்தை பூசுதல் என்ற பெயரே தப்பு, அது ஜனங்களைப் பயமுறுத்திவிட்டது, திருச்சபை அந்தப் பெயரை மாற்றி நோயில் பூசுதல் என்று வைத்து இரண்டு தலைமுறை ஆகிறது, அந்த எண்ணெய் சாகிறவனுக்கு இல்லை, பிழைக்க வேண்டியவனுக்கு, டாக்டரின் கத்தியும் சபையின் எண்ணெயும் ஒரே பக்கம் நிற்கின்றன என்று எழுதினாள். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஒரு வார்த்தையும் தப்பில்லை. இன்றைக்கு எடுத்து வாசித்தாலும் ஒரு வார்த்தை தப்பில்லை.

அந்த வருஷம் திருவிழாவுக்கு லைட் கட்டும்போது அன்புராஜ் ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள்.

அன்புராஜ் கலங்கவில்லை. "மைக் செட் மிக்சர்ல ஒரு சேனல் போயிட்டா மாத்தறதில்ல? அதுமாதிரிதான்" என்று அவனே அம்மா வேலம்மாளுக்குத் தைரியம் சொன்னான். வேலம்மாளுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு. அது கோயிலில் மட்டும். அந்த அம்மாள் புருஷனை எண்ணெய் பூசிய அன்றைக்கே பறிகொடுத்தவள். அப்போது அன்புராஜ் பள்ளிக்கூடப் பையன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் விஜயராணி அவனிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம கோயில்ல பூசை முடிஞ்சதும் ஃபாதர் வூட்டுக்கு வர்றாரு. உங்களுக்கு நோயில் பூசுதல் குடுக்கறாரு."

"இன்னாது அது, புதுசா?"

"பழசுதான். பேரு மட்டும் புதுசு."

"வரட்டும் வரட்டும். நாட்டுக்கோழி அடிக்கலாமா?" என்று சிரித்தான்.

அந்த இடத்தில் பழைய பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அங்கேயே எல்லாவற்றையும் விளக்கியிருப்பாள். ஆனால் அந்தப் பெயர் ஒழிய வேண்டும் என்று கட்டுரை எழுதியவள் அதை வாயால் சொல்வாளா? "வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களாம்மா?" என்று சாமியாரும் கேட்கத்தான் செய்தார். சொல்லிவிட்டேன் ஃபாதர் என்றாள். நவீன உலகத்தோடு பேசக் கற்றுக்கொண்டவளுக்குத் தன் தெருவோடு பேசத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தார். அன்புராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஸ்டூலின்மேல் வெள்ளைத் துணி விரித்து விஜயராணி சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். வேலம்மாள் அதைப் பார்த்ததுமே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சாமியார் பையிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்தார்.

அன்புராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சாமியாரின் கட்டைவிரல் நெற்றியைத் தொட்டபோது அவன் விஜயராணியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பாவம் இவள், இத்தனை நாள் இதை எப்படி மனசுக்குள் வைத்திருந்தாளோ என்பதுபோல் பார்த்தான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான்.

சாமியார் போய்க் கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அம்சவள்ளி பெரிய தூக்கு நிறையக் காபியோடு அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அம்சவள்ளி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் தெருவில் சாவு விழுந்தால் முதல் காபி அவள் வீட்டிலிருந்துதான் வரும். கட்டிலில் அன்புராஜ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"குடு அம்சா. சூடா இருக்குதா? நானே குடிச்சிட்டுப் போறேன்" என்றான் அவன்.

அன்று மத்தியானம் அவன் மெதுவாகக் கேட்டான். "டாக்டரு உன்னாண்ட தனியா இன்னா சொன்னாரு ராணி?"

"எல்லாம் உங்க முன்னாடிதானே சொன்னாரு!"

"எக்கோ ஸ்கேன் எடுக்க என்னை உள்ள இட்டுனு போனப்போ நீ வெளியதான இருந்த. அப்போ சொல்லியிருப்பாரு."

விஜயராணி அவன் காலடியில் உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் சொன்னாள். பெயர் மாறியது, அர்த்தம் மாறியது, இது பிழைக்கிறதுக்கான எண்ணெய் என்று சொன்னாள். அவன் எப்போதும்போலக் கவனமாகக் கேட்டான். அவள் முடித்ததும் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"நீ டீச்சரும்மா. வலிக்காதுன்னு சொல்லியே ஊசி போட வெச்சிடுவ. எத்தினி வூட்டுக்கு லைட்டு கட்டியிருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் சாமியாரையே கூட்டிவந்தாள். அவரும் பொறுமையாக விளக்கினார். ஒதியம்பட்டில் சாமியார் அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவும் வேண்டுமா? அவர் வாசல் தாண்டுவதற்குள் அம்சவள்ளி வீட்டில் மறுபடியும் அடுப்பு அணைந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. கெஞ்சினாள், கத்தினாள், பையைத் தூக்கி எறிந்தாள். "ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தாண்ட நீ, இந்தாண்ட நானுன்னு சாவறதுக்கு வூட்லயே உம் மூஞ்சப் பாத்துக்கினு போயிடறேனே" என்றான். மாத்திரைகளையும் ஒழுங்காகப் போடவில்லை. நாக்குக்கு அடியிலோ தலையணைக்கு அடியிலோ ஒளித்துவைத்தான்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்து அழுதாள். அடுத்த செவ்வாய்க்கு வேறு தேதி கொடுத்தார்கள். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு நாள் பார்த்தான், இரண்டு நாள் பார்த்தான். அடுத்த நாள் காலையில், "சரி, போலாம். பைய எடுத்து வெய்யி. மொதல்ல நீ சாப்புடு" என்றான்.

விஜயராணிக்கு உயிர் வந்தது. அவனே தட்டில் பழைய சோறு போட்டுக் கொண்டுவந்து வைக்க, அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். புது லுங்கி, துண்டு, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தாள். பைக்குள் கட்டுரையையும் செருகினாள். ஆபரேஷன் முடிந்து அவன் கண்விழித்ததும் வாசித்துக் காட்டி, "நான்தான் சொன்னேன்ல?" என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேட்டான். சொம்போடு திரும்பியபோது கட்டிலில் சாய்ந்திருந்தான். கண் அவள் வரவேண்டிய கதவைப் பார்த்தபடி இருந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவளுக்கு அழக்கூடத் தெரியவில்லை. என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வேலம்மாள்தான் வந்து மகனின் கண்களை மூடினாள்.

இன்னும் இருட்டவில்லை. வீட்டிலிருந்து யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. அதற்குள் டெம்போ ஒன்று வாசலில் வந்து நின்றது. அன்புராஜோடு கூட்டுத் தொழில் செய்கிற கலைச்செல்வன் டியூப் லைட்டுகளை இறக்கினான். ஒவ்வொன்றும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"உனக்கு யாருப்பா சொன்னது?" என்றாள் விஜயராணி.

"நியூஸ் இப்பதான் அம்சாக்கா சொல்லித் தெரியும் அண்ணி. லைட்டுக்கு அண்ணனே சொல்லி வெச்சிட்டாரு. எந்த ஆர்டருக்கும் இந்த ரெண்டையும் குடுக்காத, வூட்டுக்கு வேணும்னாரு. ஜெனரேட்டர அம்சாக்கா வூட்டுப் பக்கம் வெய்யி, சத்தம் அம்மாவுக்கு ஆவாதுன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"சாமியாரு எண்ணெ பூசினாரே, அன்னிக்கு சாயங்காலம்."

"இல்லப்பா. ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சரி சொன்னாரே. பையெல்லாம் எடுத்து வெச்சேனே."

கலைச்செல்வன் லைட்டைக் கீழே வைத்துவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அதுவும் சொன்னாரு அண்ணி. அவ சாப்புடாம கெடக்கறாடா, சாப்புடட்டும்னு சரின்னுட்டேன்னாரு."

விஜயராணி சுவரோரம் போய் உட்கார்ந்தாள். வாசலில் லைட் எரிந்தது. தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். படித்த பெண், நேரங்காலம் தெரிந்து முன்கூட்டியே எண்ணெய் பூச வைத்துவிட்டாள், எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும், எல்லோரும் கடைசி மூச்சில்தானே சாமியாரைத் தேடி ஓடுகிறோம் என்றார்கள். ஒருத்தி தன் மகளையும் அந்தப் படிப்புக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள்.

அது சாவுக்கான எண்ணெய் இல்லை என்று சொல்ல விஜயராணி வாயைத் திறந்தாள். அப்போது வேலம்மாள் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து, மருமகளின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகனைப் பறிகொடுத்த அந்த முகத்தில் உண்மையாகவே நன்றி இருந்தது.

"எம் மவன் பூசின ஒடம்போட போயிட்டான். மோட்சத்துல இருப்பான். நீ படிச்ச படிப்பு வீண் போவலம்மா."

விஜயராணி திறந்த வாயை மூடிக்கொண்டாள். இந்த அம்மாளிடம் இப்போது கட்டுரையைச் சொன்னால், பிழைக்க வேண்டிய பிள்ளை செத்துப்போயிற்று என்றல்லவா ஆகும்?

வேலம்மாள் தன் சுருங்கிய உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். "எனக்கு நேரம் வந்தாலும் வாயால சொல்லாதம்மா. அவனுக்குச் செஞ்ச மாதிரியே சாமியார இட்டாந்துடு. நான் புரிஞ்சிக்கறேன்."

"சரி அத்தே" என்றாள் விஜயராணி.