ஆழப்பக்கத்தில் நாற்பத்தோரு நொடி

அன்று நான் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவே இல்லை என்றுதான் முதலில் எல்லோரிடமும் சொன்னேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் நினைவிருந்தது.

டாசன் ஃபெர்ரி நகராட்சி நீச்சல் குளத்துக்குப் பதினாறு வருடம் நான்தான் பொறுப்பாளர். ஜூலை மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. தகிக்கிற வெயில். குளத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. தின்பண்டக் கடையில் சீஸ் சூடாக்கும் இயந்திரம் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

வழியில் ப்ரின் விசில் ஊதும் சத்தம் கேட்டது. ப்ரினுக்குப் பத்தொன்பது வயது, எங்கள் உயிர்காப்பாளர்களில் ஒருத்தி, ஆழப்பக்கத்து உயர நாற்காலி அவளுடையது. நீளமாக ஒரு விசில், பிறகு இன்னொன்று. 'ஆரம்பிச்சிட்டாங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

கடை ஜன்னலுக்குள் கையை விட்டு இயந்திரத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னால் கனமாக ஏதோ தண்ணீரில் விழுந்தது. திரும்பினேன். ஒரு பெண் உடுத்திய உடுப்போடும் போட்ட செருப்போடும் ஆழப்பக்கத்தில் குதித்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோஷெல். அவள் மேலே வந்தபோது தோளில் ஒரு சிறுமி தொங்கினாள். ரோஷெலின் அக்கா மகள் ஸரியா. பத்து வயது.

ஓடினேன். சிமெண்டுத் தரையில் கிடத்தினோம். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மூச்சில்லை. வாயில் ஊதினேன், நெஞ்சில் அழுத்தினேன், எண்ணினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. இவள் செத்துப்போய்விட்டாள், செத்த பிள்ளையை அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்போது அவள் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமினாள்.

"கண்ணு, இங்க பாரு, சித்தியப் பாரு தங்கம்," என்று ரோஷெல் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "கையை ஆட்டிக் கூப்பிட்டா! புள்ள முங்கிக்கிட்டே கையை ஆட்டினா, நீ விசில் ஊதிக்கிட்டு உக்காந்திருக்கே!"

ப்ரின் அழுதுகொண்டே இறங்கினாள். "விளையாடறான்னு நெனச்சேன். காலையிலேர்ந்து அவங்க அப்படித்தான்..."

"எவங்க?" என்றாள் ரோஷெல். "எவங்கடி?"

ப்ரின் ஸரியாவோடு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். அந்த மூன்று கறுப்பினப் பிள்ளைகளையும் காலையிலிருந்து அவள் ஒன்பது முறை விசிலடித்து அதட்டியிருந்தாள்.

ஸரியா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம் நகராட்சி வக்கீல் ஹோவர்ட் டெவ்ரீஸ் என் அறைக்கு வந்தார். ரோஷெல் குடும்பத்தின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. ஹோவர்ட் தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காருபவர், எதற்கும் ஒரு ஜோக் அடிப்பவர். அன்று அடிக்கவில்லை.

"அந்த உக்கார வைக்கிற நோட்டு வேணும் மார்லீன். மூணு வருஷத்துது."

குறும்பு செய்கிற பிள்ளைகளைக் கால் மணி நேரம் கம்பி வேலியோரத்துப் பலகையில் உட்கார வைப்போம். பெயரை எழுதிவைப்போம். நோட்டுகளைக் கொடுத்தேன். அவர் பென்சிலால் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே போனார். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும்.

"குளத்துக்கு வர்ற பிள்ளைங்கள்ல பத்துல ஒண்ணுகூட கறுப்பினப் பிள்ளைங்க இல்ல," என்றார். "நோட்டுல பாதிக்கு மேல அவங்கதான்."

"கத்துவாங்க ஹோவர்ட். தள்ளிவிடுவாங்க."

"மத்ததுங்க?"

"மத்ததுங்களும்தான். ஆனா..."

நோட்டில் இருந்த கையெழுத்தில் முக்கால்வாசி என்னுடையது.

பிறகு அவர் கேமராப் பதிவைக் காட்டினார். சத்தம் கிடையாது. ஸரியா கயிற்றைத் தாண்டி ஆழத்துக்கு நழுவுகிறாள். கை மேலே வருகிறது. தலை பின்னால் சாய்கிறது. ப்ரின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேலியோரத்துப் பலகையை விரலால் காட்டுகிறாள். முங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை வெளியே வந்து உட்காரச் சொல்கிறாள். மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன; ரோஷெல் குதிக்கும்வரை நாற்பத்தொன்று.

பதினெட்டாவது நொடியில் படத்தின் ஓரத்தில் ஒரு பெண் வந்தாள். நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. நடையை நிறுத்தினாள். ஆழப்பக்கத்தை நேராகப் பார்த்தாள். நான்கு நொடி. பிறகு தின்பண்டக் கடையை நோக்கி நடந்துவிட்டாள்.

"இது நானில்ல," என்றேன்.

ஹோவர்ட் மறுபடி ஓட்டினார். பயிற்சி பெற்ற கண். பதினாறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறேன். தத்தளிக்கிற பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நேராகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். பார்த்தது மூளைக்கே போகவில்லை.

"வேணும்னு யாரும் பண்ணலன்னு நான் வாதாடலாம்," என்றார் அவர். "மனசுல வெறுப்பே இல்லன்னும் சொல்லலாம். ஆனா அவங்க அதைக் கேக்க மாட்டாங்க. இப்படி நடக்குதுன்னு நகராட்சிக்கு முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சும் சும்மா இருந்துதான்னுதான் கேப்பாங்க. அதுக்கு ஆமான்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் நாம தொலைஞ்சோம். யாராவது முன்னாடி புகார் குடுத்தாங்களா?"

"ஞாபகமில்ல," என்றேன். இந்த முறை பொய்.

அவர் கார் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டுக் கீழ் டிராயரைத் திறந்தேன். பழைய பயிற்சிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது. இரண்டு வருடம் முன்பு வந்த கடிதம். *எங்கள் பிள்ளைகள் செய்வதையே மற்றவர்கள் செய்தால் உங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர்கள் தப்பை மட்டும் தேடுகிறார்கள். ஒரு நாள் உண்மையிலேயே ஏதாவது ஆனால் என்ன செய்வார்கள்?* கீழே ரோஷெலின் கையெழுத்து. அன்று அதைப் படித்துவிட்டு, எதற்கெடுத்தாலும் இதே பேச்சு என்று உள்ளே போட்டிருந்தேன். பதில்கூட எழுதவில்லை.

கடிதத்தைக் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் கணவன் வால்ட் இரண்டு முறை படித்தான்.

"வேற யாரு பாத்தது?"

"யாருமில்ல."

"அப்ப இது இல்லவே இல்ல. கிழிச்சுப் போடு."

"ரோஷெல்கிட்ட நகல் இருந்தா?"

"இருந்தா வரலன்னு சொல்லு. தபால்ல எத்தனையோ காணாமப் போகுது. இன்னும் மூணு வருஷத்துல உனக்கு ஓய்வு மார்லீன். மொத்தப் பழியையும் உன் தலையில கட்டிட்டு அவங்க கையைக் கழுவிக்குவாங்க."

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மறுநாள் நகராட்சி அலுவலகம் போனேன். இரண்டாவது மாடியில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காகிதம் அரைக்கும் இயந்திரம் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதிய உணவு நேரம், யாரும் இல்லை. கடிதத்தின் ஓரத்தை அதன் வாய்க்குள் வைத்தேன். தொட்டதும் இயந்திரம் தானாக உறுமி இழுக்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய்ப் பிடுங்கினேன். மேல் ஓரம் விரற்கடை அளவு நார்நாராகிவிட்டது.

அதை அப்படியே ஹோவர்ட் அறைக்கு எடுத்துப்போனேன். நல்லவள் என்பதால் இல்லை. அந்த உறுமலைக் கேட்டதும் விலங்கு மாட்டிய என் கைகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

அவர் படித்தார். கிழிந்த ஓரத்தைத் தடவினார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது எப்படி இப்படியாச்சு?"

சொன்னேன்.

"கடவுளே," என்றார். பிறகு, "இதை அவங்களுக்குக் குடுத்தாகணும். ஓரம் ஏன் இப்படின்னு கேப்பாங்க. அதையும் சொல்லித்தான் ஆகணும்," என்றார்.

அக்டோபரில், நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பு வக்கீல்கள் முன் என்னைச் சத்தியம் செய்யவைத்து விசாரித்தார்கள். நீள மேஜை, குறிப்பெடுக்கும் பெண், ஒரு கேமரா. எதிரில் ரோஷெல். அவளுடைய வக்கீல் இளம்பெண், மெதுவாகப் பேசினாள். கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். கிழிந்த ஓரத்தைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். பிறகு பதிவை ஓட்டி, நான் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த நாலு நொடியில நீங்க என்ன பாத்தீங்க?"

ஞாபகமில்லை என்று சொல்லலாம் என்று ஹோவர்ட் சொல்லியிருந்தார். அது உண்மையும்கூட. ஆனால் இரண்டு மாதமாக நான் வேறு எதையும் யோசித்திருக்கவில்லை.

"யாருன்னு பாத்தேன்," என்றேன். "என்ன ஆச்சுன்னு பாக்கல."

ஹோவர்டின் பேனா நின்றது.

"யாருன்னா?"

"அந்தக் கறுப்பினப் பிள்ளைங்கன்னு. அதுக்கப்புறம் எனக்குப் பாக்கத் தோணல."

குறிப்பெடுக்கும் பெண் அதையும் தட்டினாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ரோஷெல் நின்றிருந்தாள். நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"நில்லுங்க," என்றாள். "உண்மையச் சொன்னீங்கன்னு நான் நன்றி சொல்லணுமா?"

"இல்ல."

"ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன். பிச்சையா கேட்டேன்? பாருங்கன்னுதானே கேட்டேன்?" கையிலிருந்த காகிதக் குவளையைக் காலி செய்தாள். "ஸரியா இப்ப ஷவர் கீழ நிக்கவே பயப்படறா. துணிய நனைச்சுத் துடைச்சு விடறேன். ஒவ்வொரு நாளும்."

காகிதக் குவளையைக் கசக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. நகராட்சி சமாதானத்துக்கு வந்தது. குளத்துக்குப் புதிய விதிகள் வந்தன. உட்கார வைக்கும் நோட்டை மாதாமாதம் வெளியாள் ஒருவர் பார்ப்பார். புகார் வந்தால் பத்து நாளில் பதில் எழுதவேண்டும். என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்தேன். ப்ரின் ஊரைவிட்டே போய்விட்டாள். வால்ட் பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இந்த ஜூனில் பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் மூன்று பிள்ளைகள் தள்ளுவண்டியில் ஏறிக்கொண்டு கத்திக்கொண்டே போனார்கள். கறுப்பினப் பிள்ளைகள். என் தலை தானாகத் திரும்பியது. வாய் அதட்டத் திறந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டேன். ஒருவன் விழுந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அவனை நோக்கி ஓடினேன்.

"என்னாச்சு? அடிபட்டுதா?"

பையன் பயந்து எழுந்தான். "நாங்க ஒண்ணும் பண்ணலைங்க," என்றான். மூன்று பேரும் வண்டியை விட்டுவிட்டு என்னிடமிருந்து ஓடினார்கள்.