மிட்டாய் ரோஸ் கோபித்துக்கொண்டு போன வருஷம்

ரோஷினி வடிவமைத்த நாற்பத்தொரு வீடுகளிலிருந்தும் நிறங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறியது 2024 ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. முகப்பேரில் இருபத்தாறு வீடு, அம்பத்தூரில் பதினைந்து. சுவரில் ஒரு கீறல் இல்லை. நிறம் மட்டும் சுவரைவிட்டு இறங்கி, வாசற்படி தாண்டி, தெருவுக்கு வந்தது. பச்சை, நெடுஞ்சாலை ஓரமாக ஆவடியைப் பார்த்து வரிசையாக நடந்தது. நீலம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நுழைந்தது. மிட்டாய் ரோஸுக்கு நடந்து பழக்கமில்லை. அது பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிக்கொண்டது. பெண்கள் இலவசமாகப் போகிற பஸ், முன்பக்கம் ஏற்கெனவே ரோஸ் அடித்திருந்தது, அதனால் கண்டக்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஊர்வலத்தால் போக்குவரத்து தடைபட்டதாகச் சிலர் பின்னால் சொன்னார்கள். அது பொய். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த நாளிலிருந்தே அங்கே போக்குவரத்து அப்படித்தான்.

ரோஷினி ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா கலியமூர்த்தி லேத் மெஷின் ஓட்டியவர். வீட்டு உள்அலங்காரம் படித்துவிட்டு முகப்பேரில் ஒரு மாடி அறையில் அலுவலகம் வைத்தாள். அவளுடைய ரசனைக்கு ஊரில் ஒரே பெயர்தான், 'லோக்கல்'. அவள் முடித்துக் கொடுத்த வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகு ஒரு வாய் காபி குடிக்க உட்கார்ந்தவர்கள் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். ரசனையில்லாதவர்கள் என்று யாரைச் சொல்கிறோமோ அவர்களிடமிருந்துதான் அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். ரோஸ், பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் துலுக்கானம் தன் சீட்டுக்குத் தானே தைத்துப் போட்ட ரெக்சினிலிருந்து வந்தது. நீலம், எஸ்டேட்டில் இட்லிக்கடை போட்டிருக்கும் அன்னம்மாள், சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலக்கும்போது கை தவறி முழு பாட்டிலையும் கவிழ்த்த சுவரிலிருந்து. பச்சை, ரோஷினி வளர்ந்த குவார்ட்டர்ஸ் வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து. காய்ச்சலில் படுத்திருந்த நாளெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு கிடந்த கம்பி அது.

வெள்ளானூரில் நூற்றிருபது தனி வீடுகள் கட்ட இறங்கிய விக்ரம் அந்த வேலை முழுவதையும் அவளுக்கே கொடுக்க முன்வந்தான். அப்படியொரு வாய்ப்பு இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. விளம்பரப் புத்தகத்துக்காக, உங்கள் ரசனை எங்கிருந்து பிறக்கிறது என்று எழுதிக் கேட்டான். அவள் மூன்று வரியில் உள்ளதை எழுதிக் கொடுத்தாள். அவன் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, ரோஸை இத்தாலிக்கும், நீலத்தை கிரீஸ் நாட்டுத் தீவுக்கும், பச்சையை ஜப்பானியப் பாசிக்கும் மாற்றி அனுப்பினான். நூற்றிருபது வீட்டை நினைத்து அவளும், "சரி, போட்டுக்கங்க" என்றாள். வாழ்நாளில் அவள் தலையாட்டிய ஒரே பொய் அதுதான். புத்தகம் அச்சேறியது அந்த வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு.

வீடு வெளுத்துப்போனவர்களில் பாதிப்பேர், இது பணக்காரக் களையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும். விக்ரம் நேரில் வந்து பார்த்துவிட்டு, வெள்ளானூருக்கும் இதே வெள்ளை போதும் என்றான். முகப்பேர் ஜமீலா மட்டும் போன் செய்து, "என் ஹால் எனக்கு வேணும்" என்று அழுதாள். ரோஷினி பூந்தமல்லிக்கு ஓடினாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் துலுக்கானத்தின் ஆட்டோவைச் சுற்றி ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாம்மா, உன் ரோஸு காலைலேர்ந்து என் சீட்டுல குந்திகினு எறங்க மாட்டேங்குது. கண்ணு கூசுதுன்னு ஒரு சவாரியும் ஏறல. இத்தாலிக்காரின்னு சொல்ட்டாங்கோன்னு ஒரே அழுவாச்சி. என் பேர சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

அன்னம்மாள் அதைவிட மோசம். "கிரீஸா? லேத் பட்டறைல தடவுவாங்களே, அத்தா? கை தவறி ஊத்துனது நானு. அத்த வாய் தொறந்து சொல்ல உனக்குக் கூச்சமா பூடுச்சா?" என்று கேட்டுவிட்டு, ஆவி பறக்கும் இட்லித் தட்டை மட்டும் அவள் முன்னால் வைத்தாள். குவார்ட்டர்ஸில் பச்சை, ஜன்னலடியில் சுருண்டு கிடந்தது. கலியமூர்த்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம வீட்டு ஜன்னல் ஜப்பான்ல இருக்காமே" என்றார். அவமானம் என்றால் என்னவென்று ரோஷினிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் வெள்ளானூரில் மேடை போட்டு விழா நடந்தது. விக்ரம் அவள் கையில் மைக்கையும் ஒரு தாளையும் கொடுத்தான். அவள் தாளை மடித்து விசிறிக்கொண்டே பேசினாள். ரோஸ் துலுக்கானம் அண்ணன் ஆட்டோ சீட்டு, நீலம் அன்னம்மா அக்கா கடைச் சுவர், பச்சை எங்கப்பா ஜன்னல் கம்பி, இத்தாலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்றாள். விக்ரம் ஓடிவந்து, விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நூற்றிருபது வீடும் உங்களுக்குத்தான் என்று காதோடு கெஞ்சினான். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"வெளயாட்டுக்குச் சொல்லல. ஆமா, லோக்கல்தான். நானும் லோக்கல்தான். உங்க வீட்ட நீங்களே வச்சிக்கங்க" என்றாள் ரோஷினி.

அத்தோடு வேலை போனது. சாயங்காலத்துக்குள் நிறங்கள் நாற்பத்தொரு வீட்டுக்கும் திரும்பின. ரோஸ் மறுபடியும் பஸ்ஸிலேயே வந்தது. வெள்ளையே நன்றாக இருக்கிறது என்று சொன்ன வீடுகளுக்கும் அவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தேறின. அதற்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெள்ளானூர் வீடுகள் வெள்ளையாகவே முடிந்து, அடுத்த தை மாதம் ஆட்கள் குடிவந்தார்கள். வந்த மூன்றாம் நாள் ரேணுகா என்ற நர்ஸ், சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, சின்ன வயதில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்த ஆரஞ்சுப் பிளாஸ்டிக் குடத்தின் நிறம்தான் எனக்குப் பிடிக்கும், இதிலென்ன வெட்கம் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நாலு சுவரும் ஆரஞ்சு. எதிர்வீட்டு சண்முகசுந்தரம் கரும்புச்சாறு வண்டியைச் சொன்னார், அவருக்கும் வந்தது. விக்ரம் மூன்று முறை ஆள் அனுப்பி வெள்ளையடித்தான். காய்ந்ததும் அடியிலிருந்து பழைய நிறமே எட்டிப் பார்த்தது. பங்குனிக்குள் நூற்றுப் பத்தொன்பது வீடுகள் ஆளுக்கொரு நிறமாகிவிட்டன, யாரும் அலங்காரத்துக்கு ஆள் வைக்கவில்லை. ரோஷினிக்கு அதில் ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தத் தெருக்களில் ராணி மாதிரி நடந்து போவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளையாக நிற்பது ஒரே வீடு. அது தமிழரசுவுடையது. அவருடைய அப்பா ஆவடிக் குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டி போட்டு, வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவர். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் அவர் அதைச் சொல்கிறார். சுவர் அப்படியே இருக்கிறது.